விரதக்காரம்மா

ஜோதியம்மாளின் இட்லியைத் தின்றவர்கள் பேகோபுரத் தெருவில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். ஜோதியம்மாள் இட்லி தின்பதைப் பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது.

விடியற்காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். வீட்டு வாசல்தான் கடை. பலகையும் பெயரும் கிடையாது. ஒரு மண் அடுப்பு, இட்லிக் குண்டான், சட்னிச் சட்டி, மந்தாரை இலைக் கட்டு, உட்கார இரண்டு பெஞ்சு. ஜட்காக்காரர்கள் வருவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வருவார்கள். ராத்திரியெல்லாம் மலை சுற்றிவிட்டுக் காலில் கொப்புளத்தோடு வெளியூர் ஜனங்கள் வருவார்கள். துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் விரித்து, மாவை ஒரே சுழற்றில் ஊற்றி மூடிவிட்டு, வெந்ததா என்று நடுவிரலைத் தண்ணீரில் தொட்டு இட்லியின் தலையில் வைத்து எடுப்பாள். ஒட்டாவிட்டால் இறக்கிவிடுவாள். சட்னிக்கு உப்பு பார்க்க மட்டும் உள்ளே போய், தூங்குகிற புருஷன் ராஜேந்திரனின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். அவன் கண்ணைத் திறக்காமலே நக்கிவிட்டு, "ஒரு கல்லு கம்மி" என்பான். ஜட்கா ஓட்டுகிறவன், ஆறு மணி ரயிலுக்குப் போனால் போதும்.

அவளுக்கு ருசி தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வெந்தயக்குழம்பு கொதிக்கிற வாசனைக்கே அவளுக்கு வாயில் எச்சில் ஊறும். ஆனால் குழம்பு ஊறிய சோறு நாக்கில் பட்டதோ இல்லையோ, தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். கத்திரிக்காயின் வழவழப்பு, தயிர்ச்சோற்றின் குழைவு, பாலில் படிகிற ஆடை, வாழைப்பழம், களி, கூழ், இட்லி, எதுவும் ஆகாது. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, குடல் மேலே ஏறும். சிறுபிள்ளையில் அம்மா அடித்துப் பார்த்தாள், வேப்பிலை அடித்தார்கள், செங்கத்தில் ஒருத்தர் மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிறு இற்றுப் போனதுதான் மிச்சம். பொரி, வறுத்த வேர்க்கடலை, அப்பளம், கல்லிலேயே காயவிட்ட தோசையின் ஓரம், இரண்டு தரம் வடிகட்டிய டீ. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அவளுடைய உடம்பு ஓடியது இதில்தான்.

அதை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வதும் கஷ்டமாக இல்லை. வீட்டில் பொம்பளை கடைசியில் சாப்பிடுகிறவள்தானே. எல்லாருக்கும் போட்டுவிட்டு அடுப்பங்கரையில் அவள் என்ன தின்கிறாள் என்று எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

விரதக்காரம்மா என்ற பெயர் வந்த கதை வேறு. கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பாலும் பழமும் கொடுத்தார்கள். பாலில் பிசைந்த வாழைப்பழம். அத்தை முறைக்காரி ஒருத்தி கரண்டியை வாயில் திணித்தாள். மணவறையிலிருந்து எழுந்து ஓடி, மண்டபத்துக் கொல்லையில் ஜோதி வாந்தி எடுத்தாள். தாலி கட்டி அரைமணி நேரத்தில் பொண்ணு வாந்தி எடுத்தால் ஜனம் என்ன பேசும்? பேசினார்கள். விரல்விட்டு மாசம் எண்ணினார்கள். அப்போதுதான் ராஜேந்திரன், மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று சத்தமாகச் சொன்னான்.

"மூணு நாளா விரதங்க அவ. அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினு பச்சத்தண்ணி கூட குடிக்கல. வெறும் வயித்துல பால ஊத்தினா இன்னா ஆவும்?"

வேற ஊராக இருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். இங்கே மலையடிவாரத்தில் பத்தடிக்கு ஒரு சாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற ஊர். சாப்பிடாத ஆளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஆரம்பித்தது. திங்கள் சோமவாரம், செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, நடுவில் கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், பௌர்ணமி. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ராஜேந்திரன் ஒரு விரதத்தைக் கையில் வைத்திருந்தான். பிள்ளையில்லாதவர்கள் வந்து அவள் கையால் குங்குமம் கேட்டார்கள். அந்த மாதிரி நாளில் ஜோதி உள்ளே போய் மலையைப் பார்த்த ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "நீ பாத்துக்கினுதானே கீற, என்ன கேக்காத" என்பாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம். கலெக்டரைப் பார்க்க வேலூருக்குப் போக வேண்டியிருந்த காலம். மாசி மாசத்தில், மகள் கஸ்தூரியைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார்கள். பையன் ராமன், சொசைட்டியில் கிளார்க். அப்பா அர்ஜுனன், வாய் திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அம்மா ரேணுகாம்பாள். நெடுநெடுவென்று உயரம், வெண்கலக் குரல். ராமனும் கஸ்தூரியும் டைப்ரைட்டிங் பரீட்சையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள். அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தோணலீங்க" என்றாள் ரேணுகாம்பாள், டம்ளர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு. "விரதக்காரம்மா வூட்டுப் பொண்ணுன்னதும் எங்க ஊர்ல பத்து பேருக்குச் சொல்லிட்டேன். எங்கூட்டுல வந்து நீங்க கை நனைச்சிட்டீங்கன்னா அன்னிக்கே தாம்பூலம் மாத்திக்கலாம்."

அந்தக் காலத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகாத வரைக்கும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம். அதுதான் கை நனைப்பது. சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

ராஜேந்திரன் தொண்டையைச் செருமினான். "அவளுக்கு அடிக்கடி விரதம்..."

"அதுக்குத்தானே பஞ்சாங்கத்தைப் பாத்துட்டு வந்தேன்!" ரேணுகாம்பாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பங்குனி ரெண்டாவது புதங்கெழம. கிருத்திக இல்ல, சஷ்டி இல்ல, பிரதோஷம் இல்ல. முகூர்த்த நாளு வேற. என் கையால வயிறு நெறைய நீங்க சாப்பிடணும். எத்தினி நாளு பட்டினி கெடந்த வயிறோ அது!"

அவர்கள் போனதும் ஜோதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ராஜேந்திரன் குதிரைக்குப் புல் போடப் போகிறவன் போல நழுவினான்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசாவின் அடுப்பங்கரைக்குப் போனாள். ரஹமத்துன்னிசா பத்து வயது மூத்தவள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நோன்புக் கஞ்சியைச் சொம்பு நிறையக் கொடுத்தனுப்புகிறவள்.

"அக்கா, எனக்கு நாலு வாய் முழுங்கப் பழக்கி வுடுங்க."

"இந்த வயசுலயா?" என்றாள் ரஹமத்துன்னிசா. ஆனாலும் சேமியாப் பாயசத்தில் அரைக் கரண்டி எடுத்து ஆறவைத்தாள். "கண்ண மூடிக்கம்மா ஜோதி. பிஸ்மில்லா சொல்லி நான் ஊட்டறேன்."

"மூடினா இன்னும் நல்லாத் தெரியுதுக்கா."

"அப்ப தொறந்துக்க. மூக்கப் புடிச்சிக்க. புழு இல்லம்மா இது, சேமியா."

"ஐயோ, புழுன்னு ஏங்க்கா சொன்னீங்க!"

மூன்று தரம் முயன்றார்கள். மூன்றாவது தரம் கொல்லைச் சாக்கடையில் போய் முடிந்தது. ரஹமத்துன்னிசா தலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கழுவிவிட்டு, முந்தானையால் துடைத்தாள்.

"என் கஞ்சிய நீ ஒரு நாளும் குடிச்சதில்ல. எனக்குத் தெரியாதா?"

ஜோதிக்கு முகம் வெளுத்தது. "தெரிஞ்சேவா குடுத்தனுப்புனீங்க?"

"உன் வூட்டுக்காரன் ரெண்டு சொம்பு குடிக்கறானே, அவனுக்கு அனுப்பனேன். அரே, நான் எதுக்குக் கேக்கணும்? நீ ஜாஸ்தியா ஒழைக்கற, கம்மியா சாப்பிடற. யார் சோத்தயும் குறை சொன்னது இல்ல. போதாதா?"

வீட்டில் ராஜேந்திரன் வழி கண்டுபிடித்திருந்தான். "வயித்துல புண்ணு, டாக்டர் கஞ்சித்தண்ணிகூட ஆவாதுன்னுட்டாருன்னு சொல்லிக்கலாம். சீட்டு ஒண்ணு எழுதி வாங்கியாரேன்."

மாவாட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி குழவியை நிறுத்தினாள். அவள் கோபப்பட்டு அந்த வீடு பார்த்ததில்லை.

"வேணாம்பா. நாளைக்கு அந்த வூட்டுல இருக்கப் போறது நானு. தீபாவளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணுன்னு, அம்மா ஒவ்வொரு தடவ வரும்போதும் நான் ஒரு பொய்ய மடியில கட்டிகினு நிக்கணுமா? அவங்க கேக்கக் கேக்க நான் சொல்லிக்கினே இருக்கணுமா?"

"அப்ப இன்னாதாம்மா பண்றது?" என்றான் ராஜேந்திரன்.

கஸ்தூரி மாவை வழித்துவிட்டாள். குழவி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. ஜோதி மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு முழங்கை வரை வழிந்திருந்தது. அந்தக் கை இந்தப் பொய்க்காகவும் இத்தனை வருஷம் உழைத்திருக்கிறது. விருந்தாளி வந்தால், "அம்மா அப்பவே பலகாரம் சாப்பிட்டாங்க" என்று ஆறு வயதிலிருந்தே சொல்லப் பழகியவள்.

புதன்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஜோதியும் ராஜேந்திரனும் போனார்கள். பங்குனி வெயில் ஜன்னல் கம்பியில் சுட்டது. அவலூர்ப்பேட்டை ரோடு தாண்டியதும் இரண்டு பக்கமும் கடலை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஈர மண்ணும் பச்சைக் கொடியும் கலந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. "நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன், நீ பேசாத" என்று ராஜேந்திரன் நாலு தரம் சொன்னான். நாலு தரமும் ஜோதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அர்ஜுனன் வீட்டு வாசலில் புங்கமரத்து நிழலில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் கை நின்றது. "விரதக்காரம்மாவா?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரு கிழவி எழுந்து வந்து காலைத் தொடப் பார்த்தாள். ஜோதி பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

உள்ளே கூடத்தில் பங்காளிகள், பத்துப் பன்னிரண்டு பேர். தலைவாழை இலை விரித்து, தண்ணீர் தெளித்து, முதல் பந்தியில் ஜோதியையும் ராஜேந்திரனையும் நடுவில் உட்கார்த்தினார்கள். எதிரில் அர்ஜுனனின் அண்ணன் கருப்பன், முறுக்கின மீசைக்காரர். ரேணுகாம்பாள் தானே பரிமாறினாள். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்தவள் என்று கண் சொன்னது. கேசரி, உருளைக்கிழங்கு, கத்திரிக்காய்க் காரக்குழம்பு, உளுந்து வடை, அப்பளம், ஜவ்வரிசிப் பாயசம். மல்லிப்பூ மாதிரிச் சோறு. அதன் மேல் நெய். அதன் மேல் சாம்பார். ஜோதிக்கு ஒரு சமையல்காரியாக அந்தக் கையைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

"சாப்பிடுங்க சம்பந்திம்மா."

எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஜோதி அப்பளத்தைத் தின்றாள். பிறகு சோற்றைப் பிசைந்தாள். விரலுக்கு எதுவும் பயம் இல்லை. எந்த ஈரத்திலும் அது வேலை செய்யும். பிசைந்து, உருட்டி, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உதட்டில் சாம்பாரின் சூடு பட்டது. தோல் சிலிர்த்தது. கை தானாக இறங்கியது. மறுபடி எடுத்தாள். மறுபடி இறங்கியது.

கருப்பன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா, டவுன்காரங்களுக்கு எங்க சோறு எறங்காதா? பிரியமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்க. இலையில உக்காந்து இப்பிடிக் கோலம் போடாதீங்க."

பிசைந்த கைகள் எல்லாம் இலையிலேயே நின்றன. ரேணுகாம்பாள் கரண்டியோடு நின்றாள்; முகம் இறுகிக்கொண்டு வந்தது.

"அது வந்துங்க..." என்று ராஜேந்திரன் ஆரம்பித்தான். "இன்னிக்கி பாருங்க, திடீர்னு..."

"நீ சும்மா இருய்யா" என்றாள் ஜோதி.

அவள் குரல் பெரிய குரல் இல்லை. ஆனாலும் வாசலில் கடலை ஆய்ந்தவர்கள் வரைக்கும் கேட்டது.

"சம்பந்திம்மா, நான் ஒண்ணு சொல்றேன். கேட்டப்புறம் எழுந்து போன்னு சொன்னாலும் போயிடறேன். எனக்கு விரதம் ஒண்ணும் கெடையாதுங்க. ஒரே ஒரு கிருத்திககூட நான் இருந்தது இல்ல."

யாரோ இருமினார்கள்.

"எனக்குச் சாப்பாடு எறங்காது. சின்னப் புள்ளையிலேருந்தே அப்பிடி. கொழகொழன்னு, நசநசன்னு எது வாய்க்குள்ள போனாலும் தொண்ட மூடிக்கும். முழுங்கினா வெளிய வந்துடும். பொரியும் கடலையும் தின்னுதான் நான் இத்தினி வயசாயிருக்கேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. விரதம்னா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால வுட்டுட்டேன்."

"அப்ப எங்க சோறு அருவருப்பாக் கீதுன்றியா?" என்றார் கருப்பன்.

"நான் ஊத்தற இட்லியே எனக்கு எறங்காதுங்க. இதுல உங்க சோறு, என் சோறுன்னு இல்ல."

ராஜேந்திரன் எழுந்துவிட்டான். எச்சில் கையோடு கும்பிட்டு, "பொய் சொன்னது நானுங்க. கல்யாணத்தன்னிக்கு நான் ஆரம்பிச்சது. அவ மேல தப்பு இல்ல" என்றான்.

"நீ உக்காரு" என்றாள் ஜோதி, அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து. "ஆரம்பிச்சதுதான் நீ. இருபத்திரெண்டு வருஷம் கெட்டுப் போவாம வச்சுக் காப்பாத்தினது நானு."

ரேணுகாம்பாள் கரண்டியைச் சாம்பார் வாளியில் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு அர்ஜுனன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாமி பேர்லயா பொய் சொன்னீங்க? நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கெழவி உங்க கால்ல வுழ வந்தாளே, அவளுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள். கூடத்தில் யாரும் சாப்பிடவும் இல்லை, எழவும் இல்லை. ஜோதி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரிக்கு என்ன சொல்வது என்று மனசில் ஓடியது. ஆனால் ஒன்று: இத்தனை நாள் கூடவே இருந்த பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. இனிமேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. புதிதாகக் குளித்தவள் மாதிரி லேசாக இருந்தது உடம்பு.

"சம்பந்திம்மா, இங்க வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜோதி கையைக் கழுவிக்கொண்டு போனாள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் அரைச் சட்டி வடை மாவு. ரேணுகாம்பாள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"மூணு மணிலேருந்து நின்னு செஞ்சேன். தொடாம வச்சீங்கன்னா எனக்கு வயிறு எரியாதா?"

"எரியும்ங்க. நானும் பொங்கிப் போடறவதான்."

"வாயில போட்டுகினு, கொல்லப்பக்கம் போய்த் துப்பியிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போவுது?"

"துப்பியிருக்கலாம். அப்புறம் கஸ்தூரி உங்க வூட்டுக்கு வந்து, எனக்காக உங்ககிட்ட தெனம் பொய் சொல்லிகினு இருக்கணும். அது உங்களுக்கு நல்லா இருக்குமா?"

ரேணுகாம்பாள் இப்போது திரும்பினாள்.

"அவளுக்கும் இப்பிடித்தானா?"

"ஐயோ, அவ களியே ரெண்டு உருண்ட தின்பா. உங்களுக்குத்தான் ஜாஸ்தியா வேவைக்க வேண்டியிருக்கும்."

ரேணுகாம்பாளின் உதட்டோரம் அசைந்தது. அடக்கிக்கொண்டாள். "இருபத்திரெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் இட்லி அவிச்சுப் போட்டுட்டு, நீங்க பொரி தின்னுகினு... ஒரு நாளும் யார்கிட்டயும் மூஞ்சியக் காட்டினது இல்லயா?"

"யார்கிட்ட காட்டறது? அது அவங்க குத்தம் இல்லியே."

ரேணுகாம்பாள் மாவுச் சட்டியை இழுத்து முன்னால் வைத்தாள். "வடை?"

"உங்க வடை மேல மொறுமொறுன்னு கீது, உள்ள பஞ்சுங்க. எல்லாரும் அதுக்குத்தான் ஏங்குவாங்க. எனக்கு அந்தப் பஞ்சுதான் ஆவல."

"எப்பிடிப் போட்டா ஆவும்?"

"எல மாதிரி தட்டணும். உள்ளன்னு ஒண்ணு இருக்கக் கூடாது."

ரேணுகாம்பாள் ஒரு உருண்டையை எடுத்து வாழையிலைத் துண்டில் தட்டினாள். "போதுமா?"

"இன்னும்."

"பொத்துக்கும்ங்க."

"பொத்துக்கட்டும்."

எண்ணெயில் விட்டாள். சடசடவென்று பொரிந்து சத்தம் அடங்கியது. ரேணுகாம்பாள் கரண்டியை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வுடுங்க."

"கருகிப் பூடும்."

"கருகற வரைக்கும் வேணாம். அதுக்கு ஒரு மூச்சு முன்னாடி." ஜோதி குனிந்து நுரையைப் பார்த்தாள். இட்லியின் தலையைத் தொட்டுப் பார்க்கிற அதே நிதானம் அந்தக் கண்ணில் இருந்தது. "இப்ப. இப்ப எடுங்க."

நாலு சுட்டார்கள். ரேணுகாம்பாள் தட்டில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஜோதி பழைய இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். ஓடு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மென்றாள். விழுங்கினாள். மறுபடி கடித்தாள். முதல் வடை முடிந்து இரண்டாவதுக்குக் கை போனது. வாசலில் கடலை ஆய்கிறவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இது கணக்குல சேருமா?" என்றார் கருப்பன், யாரையும் பார்க்காமல்.

"உப்புப் போட்டுத்தான் செஞ்சிருக்கேன்" என்றாள் ரேணுகாம்பாள். "எங்கூட்டு அடுப்புல, எங்கூட்டு எண்ணெயில. ஏன் சேராது? நீங்க சாப்பிடுங்க மாமா, சோறு ஆறிப்போவுது."

சாப்பிட ஆரம்பித்தார்கள். ரேணுகாம்பாள் அப்படியே ஜோதியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் மென்றாள். ராஜேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"ஏங்க சம்பந்திம்மா, உண்மையச் சொல்லணும்னா..." ரேணுகாம்பாள் பல்லிடுக்கில் நாக்கைத் துழாவினாள். "நல்லாவே இல்லீங்க."

முதலில் சிரித்தது ஜோதிதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் ரேணுகாம்பாள் சிரித்தாள். அந்த வெண்கலக் குரல் ஒரு தரம் சிரித்தால் கூடமே சிரித்தாக வேண்டும். கருப்பனின் மீசைகூட ஆடியது.

"இன்னா பாத்துகினு உக்காந்துகினு கீறீங்க?" என்றாள் ரேணுகாம்பாள், புருஷனைப் பார்த்து. "கையக் கழுவிகினு தாம்பூலத் தட்ட எடுத்தாங்க."

அர்ஜுனன் எழுந்து உள்ளே போனார். வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் வைத்த தட்டோடு அவர் திரும்பி வருவதற்குள் ஜோதியம்மாள் மூன்றாவது வடையைக் கையில் எடுத்திருந்தாள்.